என் மகளின் விமர்சனமும் நான் எழுதிய கேஜும்

வருஷத்துக்கு ஒன்று என்று ஒரு மல்யுத்த விளையாட்டு வெளிவருகிறது. டிவியில் பெரிய பெரிய ஆட்கள் மேடையில் ஒருவரை ஒருவர் தூக்கிப் போடுகிறார்களே, அதையே நாம் வீட்டில் உட்கார்ந்து ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுவது. ரிமோட் என்று சொல்லக் கூடாது, கன்ட்ரோலர் என்று சொல்லணும் என்று என் மகள் பலமுறை திருத்தியிருக்கிறாள். அப்போதெல்லாம் எனக்கு வாயில் ரிமோட்தான் வரும்.

போன வருஷ ஆட்டத்துக்கும் இந்த வருஷ ஆட்டத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. அட்டையில் வேறு ஆள் நிற்பார். பெயருக்குப் பக்கத்தில் எண் ஒன்று கூடியிருக்கும். ஆனால் அது வெளிவரும் வாரத்தில் கேஜிஎஃப் என்கிற தங்கவயலில், மாரிகுப்பத்தில் இருக்கும் எங்கள் வீடு பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் வீடு மாதிரி ஆகிவிடும். எந்தெந்த நாட்டிலோ இருக்கும் விமர்சகர்கள் அந்த ஆட்டத்துக்கு மார்க் போடுவார்கள். ஒருவர் பத்துக்கு எட்டு, இன்னொருவர் ஒன்பது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதையெல்லாம் ஒன்று விடாமல் படிப்பாள். படித்துவிட்டு அவர்களுக்கு இவள் மார்க் போடுவாள்.

"இவரு முழுசா ஆடவே இல்ல நைனா. மூணு மேட்ச் ஆடிட்டு எழுதிட்டாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வேர்வை நல்லா தெரியுது, ஜனங்க கத்துறது நல்லா கேக்குதுன்னே எழுதியிருக்காரு. அது முதல் அஞ்சு நிமிஷத்துலயே தெரிஞ்சிடும்."

எங்கள் ஊர்ப் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அவளுக்கு நைனா. பெங்களூருக்குத் தினமும் ரயிலில் போய் ஒரு பார்சல் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு வருகிறவன். அவள் மாமா, அதாவது என் மனைவியின் தம்பி, அந்த ஆட்டம் வந்தவுடனே அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிடுவார். மற்றபடி அந்த ஆட்டத்துக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம், சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே அதன் சத்தத்தைக் கேட்பது மட்டும்தான். உட்கார்ந்து பார்த்ததில்லை. அதெல்லாம் நடிப்பு என்பது என் எண்ணம். அந்த அலட்சியத்தால் என்ன ஆனது என்பதைத்தான் பிள்ளைகளே, உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த வருஷ ஆட்டம் வந்த சமயத்தில், விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதும் ஓர் இணையதளம் ஓர் அறிவிப்பு போட்டது. வாசகர்கள் இந்த ஆட்டத்துக்கு விமர்சனம் எழுதி அனுப்பலாம். நன்றாக எழுதுகிறவரை இந்த ஒரு வருஷத்துக்குத் தங்கள் விமர்சகராக வைத்துக்கொள்வார்கள். புது ஆட்டங்கள் கடைக்கு வருமுன்பே அவர் கைக்கு வரும். திங்கட்கிழமை சாயங்காலம் கடைசி. தமிழில் இருக்க வேண்டும்.

என் மகளுக்கு அந்த இடம் வேண்டும். சாப்பிடும்போதும் அதே பேச்சு. ஆனால் அவள் பள்ளியில் படிப்பது கன்னடமும் இங்கிலீஷும். தமிழ் அவளுக்குப் பேச்சில்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பாள், எழுத வராது. எங்கள் ஊரில் அவள் வயதில் முக்கால்வாசிப் பிள்ளைகள் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"நைனா, நீங்க தமிழ் எழுதுவீங்க இல்ல?"

"பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். என் கையெழுத்தப் பாத்து வாத்தியாரே அசந்துட்டாரு."

"கையெழுத்து வாணாம். நான் சொல்றத எழுதுங்க. அவ்ளோதான்."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆட்கள் நடக்கும் நடை, மேடையின் வெளிச்சம், பெண் வீரர்களுக்குக் கதை குறைவாக வைத்திருப்பது எல்லாவற்றையும் சொன்னாள். நல்லதை நல்லது என்றாள். என் மகளா இப்படிப் பேசுகிறாள் என்று இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் நிறுத்திவிட்டு நகத்தைக் கடித்தாள்.

"இன்னா ஆச்சு?"

"கேஜ் நைனா. பாதில நின்னுடுது. மேல ஏறி வரும்போது அப்படியே ஸ்டக். ஆளு வெளியவே வர முடியல. பெல்லும் அடிக்கல. ஆனா எல்லாரும் இந்த வருஷம் கேஜ்தான் சூப்பர்னு எழுதியிருக்காங்க. நான் மட்டும் ஸ்டக் ஆவுதுன்னு சொன்னா, இவளுக்கு ஆடத் தெரியலன்னு சொல்லிடுவாங்க இல்ல?"

எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. எனக்குத் தெரிந்த கேஜ் ஒன்றுதான். தங்கச் சுரங்கத்தில் ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டு. சுரங்கம் மூடுவதற்கு முன்னால் மூன்று வருஷம் எங்கள் ஊரில் மைசூர் மைன்ஸ் என்ற சுரங்கத்தில் எனக்கு அந்தக் கேஜ் வாசலில் பெல் அடிக்கும் வேலை. நான் பெல் அடித்தால்தான் கூண்டு நகரும். அது பாதியில் நின்றால் உள்ளே இருப்பவர்களின் நிலைமை என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. டிவி விளையாட்டில் எதை வேண்டுமானாலும் வைப்பார்கள், ஒரு சுரங்கத்தையும் வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேஜ், பெல் என்று அவள் சொன்னதெல்லாம் எங்கள் சுரங்கத்துச் சொல்லாகவே இருந்ததால் வேறு சந்தேகமும் வரவில்லை.

"ஸ்டக் ஆவுதா, ஆவலையா?" என்று கேட்டேன்.

"ஆவுது. நேத்து நாலு வாட்டி ஆச்சு."

"அப்ப எழுதணும். யாரு சூப்பர்னு சொன்னாலும் சரி. கேஜ் விஷயத்துல பொய் சொல்லவே கூடாது."

நான் இவ்வளவு வேகமாகப் பேசியதில் அவளுக்கே ஆச்சரியம். "சரி, எழுதுங்க," என்றாள். பத்துக்கு ஐந்து என்று மார்க்கும் போட்டாள்.

மறுநாள் காலை ரயிலில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துக் கைப்பேசியில் தட்டினேன். மாரிகுப்பத்தில்தான் வண்டி கிளம்புகிறது, அதனால் எனக்கு ஜன்னலோரம் கிடைத்துவிடும். கேஜ் வந்த இடத்தில் என் கை நிற்கவில்லை. அவள் சொன்னது நாலு வரி. நான் எழுதியது இது:

'ஆள் ஏற்றும் கூண்டு பாதி வழியில் நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பவர் மேலேயும் வர முடியாது, கீழேயும் போக முடியாது. மணியும் அடிப்பதில்லை. ஷிஃப்ட் தொடங்குமுன் வெறும் கூண்டை ஒருமுறை கீழே இறக்கி மேலே ஏற்றிப் பார்க்க வேண்டும். அது சரியாக வந்த பிறகுதான் ஆளை ஏற்ற வேண்டும். இந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் வெறும் கூண்டை இறக்கிப் பார்க்கவில்லை. நேராக ஆளை ஏற்றிவிட்டார்கள்.'

எங்கள் ஷாஃப்ட்டில், அதாவது கூண்டு ஏறி இறங்கும் ஆழமான குழியில், அதுதான் வழக்கம். எழுதி முடித்ததும் பெருமையாக இருந்தது. பெங்களூர் வருவதற்குள் அனுப்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அனுப்பியதைப் படித்துக் காட்டச் சொன்னாள். நானும் குரலை உயர்த்திப் படித்தேன். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். கூண்டு வந்ததும் மகள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஷிஃப்ட்டா? ரெஸ்லிங்ல எங்க நைனா ஷிஃப்ட் வந்துச்சு?"

"கேஜ் இருந்தா ஷிஃப்ட் இருக்கும் இல்ல."

அவள் டிவியைப் போட்டு ஆட்டத்தைக் காட்டினாள். மேடையைச் சுற்றி நாலு பக்கமும் இரும்பு வலை. ஒரு பக்கம் சின்னக் கதவு. உள்ளே இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள். வலையில் ஏறி, மேலே தாண்டி, வெளியே குதிக்கிறவர் ஜெயித்தவர். அவர் குதித்ததும் மணி அடிக்கும்.

"இதுவா கேஜ்?"

"இதான் கேஜ்."

"மேல இழுக்குற ரோப்பு எங்க?"

அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். என் மனைவி சொன்னாள்: "இவருகிட்ட இன்னா குடுத்தாலும் ஷாஃப்ட்டுல இறக்கிடுவாரு. கல்யாணத்துல தாலிய அங்க இறக்காம என் கழுத்துல கட்டுனதே பெரிய விஷயம்."

நான் சிரிக்கவில்லை. மகள் துப்பட்டாவுக்குள் இருந்தே பேசினாள். "முடிஞ்சிடுச்சு நைனா. கடைசி நாளும் போச்சு. படிச்சிட்டு சிரிப்பாங்க."

தப்பு என்னுடையது. அதைச் சொன்னேன். பிறகு அந்த இணையதளத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். கேஜ் என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம், நான் எப்படித் தவறாக எடுத்துக்கொண்டேன் என்பதையெல்லாம் எழுதி, 'கூண்டில் ஏறும் ஆள் நின்றுவிடுகிறார் என்று என் மகள் சொன்னது உண்மை, ஆள் ஏற்றும் கூண்டு, ஷிஃப்ட் என்பதெல்லாம் என் பிழை' என்று முடித்தேன். இந்தத் தடவை அனுப்புமுன் இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

மறுநாள் பதில் வந்தது. அதன் ஆசிரியர் ஓர் அம்மா. மரியாதையாக எழுதியிருந்தார். விமர்சனம் தங்களுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கேஜ் ஆட்டத்தைத் தாங்கள் ஐந்து தடவை ஆடியும் ஒரு தடவைகூட ஆள் நிற்கவில்லை, எல்லா விமர்சகர்களும் பாராட்டும் ஒன்றைக் குறை என்று சொன்னால் அதற்கு ஆதாரம் வேண்டும், சனிக்கிழமைக்குள் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார்.

ரயிலில் எனக்கு எதிரே உட்காரும் நண்பர் எங்கள் ஊரிலேயே பாலகாட் பக்கத்துக்காரர், எலக்ட்ரீஷியன். அவரிடம் சொன்னேன். "இன்னா குரு, உலகம் பூரா நல்லா இருக்குதுன்னு சொல்றான், உன் பொண்ணுக்கு மட்டும் ஸ்டக் ஆவுதா? ரிமோட் பேட்டரிய மாத்திப் பாரு," என்றார். கன்ட்ரோலர் என்று அவரைத் திருத்தினேன். அன்றுதான் அந்தச் சொல் முதல் தடவையாக என் வாயில் சரியாக வந்தது.

சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான் வேலை. மதியம் வந்து சாப்பிட்டுவிட்டு மகள் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

"சும்னே ஆடக் கூடாது," என்றேன். சும்மா என்பதற்கு எங்கள் ஊரில் வரும் கன்னடச் சொல் அது. "ஒவ்வொரு பக்கமா போவணும். ஒண்ண மாத்துனா மத்தது எல்லாம் அப்படியே இருக்கணும். எந்தப் பக்கம் ஏறுன, இன்னா பண்ண, பெல் அடிச்சுதா இல்லியா, எல்லாம் எழுதிக்கிறேன்."

"ஷிஃப்ட் ரிஜிஸ்டரா?"

"ஆமா."

கைப்பேசியை டிவிக்கு எதிரே நிறுத்திப் படம் பிடிக்க வைத்தோம். கிழக்கு, மேற்கு என்று நானே நாலு பக்கத்துக்கும் பெயர் வைத்தேன். அவள் கிழக்கில் ஏறினாள். ஆள் தாண்டினார், மணி அடித்தது. மேற்கில் ஏறினாள். மணி அடித்தது. வடக்கு, தெற்கு, நாலு மூலைகள், எல்லாவற்றிலும் மணி அடித்தது. நோட்டில் வரிசையாக 'அடித்தது, அடித்தது' என்று எழுதிக்கொண்டே போனேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவள் கண் கலங்கிவிட்டது.

"அன்னிக்கு நின்னுது நைனா. சத்தியமா நின்னுது."

"நின்னுதுன்னு எனக்குத் தெரியும்," என்றேன். உண்மையில் எனக்கு உள்ளுக்குள் பயம்தான்.

என் மனைவி துணி மடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதுவரை அந்த ஆட்டத்தைத் தொட்டதே இல்லை. "கொஞ்ச நேரம் இங்க குடு," என்று மகளிடமிருந்து கன்ட்ரோலரை வாங்கினாள். எந்த பட்டன் எதற்கு என்று கேட்டுக்கொண்டாள். எதிரி ஆளை எப்படியோ கீழே தள்ளிவிட்டு நேராகக் கதவுக்கு நடந்தாள்.

"அம்மா, ஏறுங்க."

"கதவு இருக்கும்போது எவளாவது செவுரு ஏறுவாளா? முதல்ல கதவத் தொறந்து பாக்குறேன்."

கதவை இழுத்தாள். திறக்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். "பூட்டிட்டானுங்க," என்று சொல்லிக்கொண்டே அங்கேயே வலையில் ஏறினாள். மேலே கையை வைத்த இடத்தில் ஆள் அப்படியே நின்றுவிட்டார். காலும் அசையவில்லை, கையும் அசையவில்லை. எந்த பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் ஆகவில்லை. கீழே எதிரி எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நான் எதையோ ஒடச்சிட்டேனா?" என்று என் மனைவி பயந்துபோய்க் கேட்டாள்.

மகள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அம்மா, நானும் அன்னிக்கு முதல்ல கதவத்தான் இழுத்தேன். நாலு வாட்டியும். இன்னிக்குத்தான் அவசரத்துல நேரா ஏறிட்டேன்."

அப்போதுதான் விளங்கியது. முதலில் கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, பிறகு அதே பக்கம் ஏறினால் ஆள் நின்றுவிடுகிறார். ஆட்டத்தில் கைதேர்ந்தவர்கள் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வலையில் பாய்ந்து ஏறுகிறவர்கள். அதனால் அந்த விமர்சகர்கள் ஒருவருக்கும் இது நடக்கவில்லை. கதவு இருக்கிறதே, அதைத் திறந்து பார்ப்போம் என்று நினைக்கிற சாதாரண ஆளுக்குத்தான் நடக்கும். வாங்கி ஆடுகிறவர்களில் பாதிப் பேர் அப்படிப்பட்டவர்கள்தான்.

பிறகு மூன்று பேரும் மாறி மாறி ஆடினோம். நான்கூட ஆடினேன். கதவு, பிறகு அதே பக்கம். ஆறு தடவையும் நின்றது. நோட்டில் 'அடிக்கவில்லை' என்று ஆறு தடவை எழுதினேன். 'அடிக்கவில்லை' என்று எழுதுவதில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறெப்போதும் வந்ததில்லை. படத்தையும் நோட்டுப் பக்கத்தையும் அனுப்பினோம்.

அரை மணி நேரத்தில் அந்த ஆசிரியர் அம்மாவே கூப்பிட்டார். மகள் கைப்பேசியை எல்லோரும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"ஏம்மா, எங்க ஆபீஸ்ல மூணு பேரும் கூண்டுல மாட்டிக்கிட்டோம்," என்றார். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. "அஞ்சு தடவையும் நாங்க கதவுப் பக்கமே போகல. நீ எழுதினது சரி. நாளைக்கே போடுறோம். ஒண்ணு கேக்கணும். அந்த வெறும் கூண்டு பத்தி எழுதியிருக்கே, அதை எடுத்துடணுமா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் எடுத்துவிடச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

"வாணாம் மேடம்," என்றாள் அவள். "அது எங்க நைனா எழுதுனது. சுரங்கத்துல எப்படிப் பண்ணுவாங்கன்னு. ஆட்டம் பண்றவங்களும் அப்படித்தானே பண்ணியிருக்கணும்? அங்க ஷிஃப்ட், சுரங்கம்னு ஒரு வரி விளக்கம் மட்டும் சேத்துடுங்க."

"அப்படின்னா தலைப்பே அதுதான்," என்றார் அவர்.

மறுநாள் விமர்சனம் வந்தது. தலைப்பு: 'வெறும் கூண்டை முதலில் இறக்கிப் பார்க்க வேண்டும்.' கீழே முதலில் வந்த கருத்துகள் எல்லாம் கிண்டல்தான். பத்துக்கு ஐந்தா, இந்தப் பெண்ணுக்கு விளையாடத் தெரியுமா என்று ஒருவர். ஊரே கொண்டாடும் ஆட்டத்தைக் குறை சொன்னால் பேர் வரும் என்று நினைப்பு என்று இன்னொருவர். மகள் ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவளுக்குத் தமிழ் படிக்கும் வேகம் கூடியது அந்த ஒரு நாளில்தான். மதியத்துக்கு மேல் கருத்துகள் மாறின. 'இப்போது கதவை இழுத்துப் பார்த்தேன். எனக்கும் நின்றுவிட்டது.' 'எனக்கும்.' 'அண்ணன் வீட்டிலும் அதேதான்.' காலையில் கிண்டல் செய்த ஒருவரே படம் பிடித்துப் போட்டு, மன்னித்துக்கொள்ளுங்கள் தோழி என்று எழுதினார். மகள் அதை மட்டும் மூன்று தடவை படித்தாள்.

அந்த வாரம் அது எங்கெங்கோ போனது. ஆட்டத்துக்கு ஒன்பது போட்ட வெளிநாட்டு விமர்சகர் ஒருவர் தன் விமர்சனத்தின் கடைசியில், கேஜ் ஆட்டத்தில் கதவை முதலில் இழுத்தால் ஆள் நின்றுவிடுவதாகத் தெரிகிறது, நானும் சோதித்தேன், உண்மைதான் என்று ஒரு வரி சேர்த்தார். அவர் மூன்று மேட்ச் ஆடிவிட்டு எழுதியவர் என்று என் மகள் சொன்னவரேதான். ரயிலில் பாலகாட் நண்பர் அதைத் தன் கைப்பேசியில் பெட்டி முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தார். "நம்ம கேஜிஎஃப் பொண்ணு. அப்பவே நான் சொன்னேன்," என்றார். அவர் சொன்னது பேட்டரி என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

சில வாரம் கழித்து ஆட்டத்துக்குத் திருத்தம் வந்தது. என்னென்ன சரிசெய்திருக்கிறார்கள் என்ற பட்டியலில் கேஜ் ஆட்டத்தில் கதவுப் பக்கம் ஏறும்போது ஆள் நிற்கும் குறையும் இருந்தது. மகள் அந்தத் திருத்தத்தை ஏற்றிவிட்டு ஆடிப் பார்த்தாள். கதவை இழுத்தாள், அங்கேயே ஏறினாள், தாண்டினாள். மணி அடித்தது. என் மனைவி, "இப்பவாவது ஒழுங்கா பண்ணாங்களே," என்று மடித்த துணியோடு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் ஆசிரியர் அம்மா மறுபடி கூப்பிட்டார். இந்த வருஷத்துக்கு எங்கள் விமர்சகர் நீதான் என்று சொன்னார். மகள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு. பிறகு அவர் கேட்டார்: "குறையைச் சரி பண்ணிட்டாங்களே, உன் மார்க்கைக் கூட்டலாமா? எட்டுன்னு போடலாம்னு இங்க சிலர் சொல்றாங்க."

நானாக இருந்தால் சரி என்றிருப்பேன். அவ்வளவு பெரியவர்கள் கேட்கிறார்கள்.

"கூட்ட வாணாம் மேடம்," என்றாள் என் மகள். "முதல் நாள் வாங்கி ஆடுனவங்க மாட்டிக்கிட்டாங்க இல்ல, அந்த ஆட்டத்துக்குத்தான் நான் மார்க் போட்டேன். அஞ்சு அஞ்சுதான். கீழ சரி பண்ணிட்டாங்கன்னு எழுதிடலாம். நைனா, எழுதுறீங்களா?"

நான் நோட்டைப் பிரித்தேன். அவள் சொன்னாள், நான் எழுதினேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. எழுதி முடித்ததும் பேனாவை என் கையிலிருந்து வாங்கி, கீழே தன் பெயரைத் தமிழில் அவளே எழுதினாள். இரண்டு எழுத்து கோணலாக இருந்தது. அதையும் அப்படியே அனுப்பினோம்.